அங்கமுத்துவின் கேஸ் ஷீட்

போன வாரம் ஒரு பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரியில் இப்போது பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்கள் செய்ய வேண்டிய உடற்பயிற்சிகளைப் படம் போட்டு அச்சடித்து, வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்தனுப்பப் போகிறார்களாம். அச்சுக்குப் போகுமுன் நான் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வழுவழுப்பான தாள், பளிச்சென்ற படங்கள். ஒரு படத்தில் ஒரு அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலை மேலும் கீழும் அசைக்கிறாள். அடியில் "உட்கார்ந்தபடி, நாளுக்கு இரண்டு வேளை" என்று போட்டிருந்தது.

காபியை ஆற்றிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள். "எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் பேஷண்டுங்க சொன்னதைக் கேக்கறதே இல்லை மேடம். அதான் அச்சடிச்சே கையில கொடுத்துடலாம்னு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தாளை வச்சுட்டுப் போ, அடுத்த வாரம் வா" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், அவள் என்ன தப்புச் செய்தாள். அந்த வார்த்தையை நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். கோபம் என் மேல்தான்.

நான் சேலத்துக்காரி. அம்மாபேட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் படித்தேன், விடுதிச் சாப்பாட்டில் இளைத்தேன், பாஸ் செய்தேன். அதற்கப்புறம் ஒரு தொழுநோய் மருத்துவமனையில் ஆறு மாதம் பயிற்சி. வலி தெரியாத கால் என்றால் என்னவென்று அங்கேதான் பார்த்தேன். ஒரு மனிதர் உள்ளங்காலில் ஏறிய ஆணியோடு இரண்டு நாள் நடந்திருந்தார். நான் அதைப் பிடுங்கும்போது பக்கத்துக் கட்டில்காரரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எழுபதுகளின் நடுவில் ஊர்ப்பக்கமே வேலை கிடைத்து, சேலம் நாமக்கல் சாலையில் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம்.

எங்கள் அறையை நோயாளிகள் "கரண்டு ரூம்" என்பார்கள். பிசியோதெரபி என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அங்கே ஒரு சிவப்பு விளக்கு இருந்தது. சூடு காட்டும் விளக்கு. எந்த வலிக்கும் அந்த விளக்கைக் காட்டினால் போதும், டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்த பலன் கிடைத்துவிட்டதாக ஜனங்கள் திருப்தியாகப் போவார்கள். நான் சேர்ந்த முதல் வாரம், மல்லசமுத்திரத்திலிருந்து வந்த ஒரு விவசாயி, கால் மரத்துக் கிடக்கிறது, விளக்கு வையுங்கள் என்று கேட்டார். சர்க்கரைக்காரர். நானும் விளக்கைத் திருப்பி வைத்துவிட்டு சுவிட்சில் கைவைத்தேன். அப்போது எங்கள் சர்ஜன் உள்ளே வந்தார்.

அவரை எல்லாரும் சீஃப் என்றே சொல்வோம். ஒல்லியான மனிதர், காதோரம் நரைத்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. இரண்டு கண்ணாடிக் குழாய் கொண்டுவரச் சொல்லி, ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பானைத் தண்ணீர் ஊற்றினார். விவசாயியின் கண்ணை மூடச் சொல்லி, இரண்டையும் மாற்றி மாற்றி அவர் பாதத்தில் வைத்தார்.

"எது சூடுப்பா?"

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது."

சீஃப் விளக்கின் ஒயரைப் பிடுங்கினார். பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்துத் திருகாணிகளைத் திருப்பி, பிளக்கைத் தனியாகக் கழற்றித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "வேணும்னா எங்கிட்ட வந்து கேட்டு வாங்கிக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு முதுகு வலிக்காரர்களுக்குக்கூட நான் போய்க் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அவர் வார்டைச் சுற்றிவரும் விதமே தனி. ஆயா ஒரு குட்டை முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவாள். நோயாளியைக் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, இவர் கீழே முக்காலியில் உட்கார்ந்து, அவருடைய குதிகாலைத் தன் முழங்கால்மேல் எடுத்து வைத்துக்கொள்வார். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார். புறங்கையால் இரண்டு பாதங்களையும் தடவி எது சூடு என்று பார்ப்பார். கட்டை அவிழ்த்த துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். கடைசியாகக் கட்டிலடியில் கிடக்கும் செருப்பை எடுத்து உள்ளே கைவிட்டுத் துழாவுவார். ஆணி, கருவேல முள், புளியங்கொட்டை என்று என்னென்னவோ வெளியே வரும். செருப்பு போட்டவருக்கு அது ஒன்றும் தெரிந்திருக்காது.

பெரிய டாக்டர் தங்கள் காலடியில் உட்காருவதை எங்கள் பக்கத்து ஜனங்களால் தாங்க முடியாது. மரியாதைப்பட்டவர் எதிரில் உள்ளங்காலைக் காட்டுவது எங்கள் ஊரில் பெரிய தப்பு. சீஃப் வருகிறார் என்றதும் ஆம்பிளைகள் காலை மடக்கி வேட்டிக்குள் இழுத்துக்கொள்வார்கள், பெண்கள் சேலையால் மூடிக்கொள்வார்கள். காட்டவே வெட்கப்பட்டுப் பல கால்கள் அழுகிப்போயின. எத்தனையோ தடவை நான் வேட்டியை இழுத்துத்தான் புண்ணைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு லாரி டிரைவரைச் சொல்ல வேண்டும். நாமக்கல்காரர், ஆள் வாட்டசாட்டமானவர். வெறுங்காலோடு வண்டி ஓட்டுவது வழக்கம். செருப்பு போட்டால் ஆக்ஸிலேட்டர் பிடிபடாதாம். சித்திரை வெயிலில் பம்பாய்க்கு லோடு கொண்டுபோய்த் திரும்பியிருக்கிறார். இன்ஜின் சூட்டில் காலடித் தகடு காய்ந்து, உள்ளங்கால் முழுக்கத் தோல் வெந்துவிட்டது. வீட்டு வாசலில் கால் கழுவும்போது பெண்டாட்டி பார்த்துக் கத்திய பிறகுதான் அவருக்கே தெரியும். கால் போயிற்று. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ஒற்றைக் காலில் வண்டி ஓட்ட லைசென்ஸ் கொடுப்பார்களா என்பதுதான். நான் தலையணையைச் சரிசெய்தேன்.

சீஃபுக்கு உடற்பயிற்சி என்ற பேச்சே ஆகாது. கால் புண் என்றால் படுக்கை, அவ்வளவுதான். "நடந்தா கால் போகும். படுத்தா கொஞ்ச நாள் இருக்கும்" என்பார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் மாதக்கணக்கில் படுத்தவர்களுக்குக் கெண்டைக்கால் தசை இறுகி, கணுக்கால் மடங்காமல் கட்டையாகிவிடும். புண் ஆறி எழுந்து நடந்தால் பாரம் முழுவதும் முன்பாதத்தில் விழும். அதே இடத்தில் மறுபடி புண் வரும். திரும்பி வருவார்கள், விரல் போகும். மறுபடி வருவார்கள், பாதம் போகும். வார்டில் ஒரே முகங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஆள் கொஞ்சம் குறைந்து வருவார்.

ஒரு வருஷத்துக்கு மேல் நான் சீஃபைப் பிய்த்து எடுத்தேன். ஆறிவரும் புண்களுக்கு மட்டும், படுக்கையிலேயே, பாதத்தில் ஒரு இம்மி பாரமும் விழாமல் பயிற்சி கொடுக்கலாம் என்று நோட்டில் எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். மூன்று தடவை திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருப்பார். நான்காம் தடவை கேள்வி இல்லை. "செய். ஒரு கால் போனாலும் அன்னிக்கே நிறுத்திடுவேன்" என்றார்.

அந்த முறையை நான் இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். காலையில் முதல் வேலை சிறுநீர்ப் பரிசோதனை. நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி நிறம் பார்ப்பது. நீலமாகவே இருந்தாலோ பச்சையானாலோ பயிற்சி உண்டு. செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் சர்க்கரை ஏறியிருக்கிறது, அன்றைக்குக் கிடையாது. பிறகு காய்ச்சல் பார்ப்பது. பிறகு புறங்கையால் சூடு. பிறகு பாதத்தின் மேல் நாடி. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டு, எதுவரை உணர்ச்சி இருக்கிறது என்று மையால் கோடு போடுவேன். அதற்குப் பிறகுதான் பயிற்சி. முதலில் நல்ல கால், கைகளுக்கு மணல் பை, அப்புறம் புண்பட்ட காலை முட்டி மடங்காமல் தூக்கி இறக்குவது, கடைசியில் கணுக்கால் இருபது தடவை. இன்சுலின் போட்டவர்களுக்குத் தலை சுற்றினால் கொடுக்க என் பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கும். முடிந்ததும் பாதத்தைப் பார்ப்பேன், இருபது நிமிஷம் கழித்து மறுபடி பார்ப்பேன். சிவப்பு மறையாமல் நின்றிருந்தால் மறுநாள் பாதியாகக் குறைப்பேன். இப்படி ஆறு பேரோடு தொடங்கினேன். ஒன்றரை வருஷத்தில் ஒரு காலும் போகவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

அங்கமுத்து அப்போதுதான் வந்தார். எண்பதுகளின் தொடக்கம். ராசிபுரத்தில் பட்டு நெசவு, ஐம்பதைத் தாண்டிய வயது, சொந்தத் தறி ஒன்று. கூட அவர் மனைவி பாவாயி. வலது கால் பெருவிரலுக்கு அடியில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். நான் காலைத் தொடப் போனதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வேணாமுங்க அம்மணி. எம்பட காலப் போயி நீங்க தொடறதாங்க."

"தொடாம எப்படிங்க பாக்கறது?"

"எட்ட இருந்தே பாருங்க."

பாவாயிதான் அதட்டி நீட்டவைத்தாள். சீஃப் முக்காலியில் உட்கார்ந்தபோது அங்கமுத்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, பார்க்கப் பொறுக்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். புண்ணைச் சுத்தம் செய்து, முட்டிக்குக் கீழே மாவுக்கட்டு போட்டு வைத்தோம். கட்டு மாற்றும் ஒவ்வொரு தடவையும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நா மறுக்காத் தறிக்குழியில எறங்கோணுமுங்க. எறங்க முடியுமுங்களா?"

காலைப் பற்றிய கவலையைவிட அவருக்குத் தறியைப் பற்றிய கவலை பெரிது. தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, இரண்டு மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒரு கால் போனால் தறி நின்றது. வேறு தொழில் அவருக்குத் தெரியாது. "எறங்கலாம், ஆனா நான் சொல்றவரைக்கும் பொறுக்கணும்" என்று நான் சொல்வேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டுவார்.

அவரைப்போல் ஒரு நோயாளியை நான் பார்த்ததில்லை. இருபது என்றால் இருபது, இருபத்தொன்று கிடையாது. உதடு அசைய எண்ணிக்கொண்டே செய்வார். இரண்டு மாதத்தில் புண் மூடியது. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய புதுத்தோல். சீஃப் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஒரு மாசத்துக்குப் பாரமே ஆகாது. வீட்டுக்கு அனுப்பு, என்ன செய்யணும்னு நீயே சொல்லி அனுப்பு" என்று என்னிடம் விட்டார்.

நான் சொன்னது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் இருக்கிறது.

"நடக்கக் கூடாதுங்க. கொல்லைக்குப் போறதுக்கு மட்டும் ஊன்றுகோல் வச்சுட்டுப் போகலாம். நிக்கக் கூடாது. உக்காந்துட்டே ரெண்டு பாதத்தையும் மேலயும் கீழயும் ஆட்டணும். காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. கணுக்கால் கட்டையாகவே விடக் கூடாது."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்சம் தடுமாறினார். இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் தூக்கினார். ஒன்றை விட்டு ஒன்று அசைக்க வேண்டும் என்பதைப் புரியவைக்க எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"தறி மிதிக்கறீங்களே, அந்த மாதிரிங்க."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. அடுத்த நிமிஷம் இரண்டு பாதங்களும் மாறி மாறி, அளவெடுத்த மாதிரி ஏறி இறங்கின. கணுக்கால் முழுக்க மடங்கி விரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாவாயியிடம் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, தினமும் இதில் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். இருவரும் கும்பிட்டுவிட்டு ராசிபுரம் பஸ் ஏறினார்கள்.

இருபத்தாறாம் நாள் அவரை ஒரு வாடகைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. துணியை அவிழ்க்கும் முன்பே வாடை வந்துவிட்டது. பெருவிரல் கறுத்து, பாதம் வீங்கி, தோலை அழுத்தினால் உள்ளே காற்று நொறுங்கும் சத்தம் கேட்டது. கணுக்காலுக்கு மேலும் சிவப்பு ஏறியிருந்தது.

"என்னங்க செஞ்சீங்க? நடந்தீங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"இல்லீங்க அம்மணி. ஒரு எட்டு நடக்கலீங்க. நிக்கக்கூட இல்லீங்க." காய்ச்சலில் குழறினாலும் குரலில் ஒரு திருப்தி இருந்தது. "நீங்க சொன்ன மறுநாளே குழியில எறங்கிட்டனுங்க. உக்காந்துட்டேதானுங்க. காலையில ஒரு நேரம், பொழுது சாய ஒரு நேரம். ஒருநாளும் உடலீங்க. பயிற்சியும் ஆச்சு, பாதிச் சேலையும் ஆச்சுங்க."

பாவாயி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அஞ்சாறு நாளா மிதிகட்டையில செகப்பாத் தெரிஞ்சுதுங்க சாமி. தறியில அரக்குச் செகப்புப் பாவு நூலு போட்டிருந்துதுங்களா, ஈரக்காலுல சாயம் எறங்கீருக்குதுன்னு நெனச்சுப் போட்டனுங்க. தொடச்சுத் தொடச்சு உட்டேன்."

"கண்ணாடியில பாக்கலயா?"

"அதுல காலக் காட்டறதுங்களா? நீங்க குடுத்ததுன்னு சாமி மாடத்துல வெச்சிருக்கறனுங்க. பொட்டு வெக்கறப்போ நா பாத்துக்குவேன்."

சீஃப் வந்தார். அன்றைக்கு முக்காலி கேட்கவில்லை, நின்றபடியே குனிந்து பார்த்தார். தியேட்டருக்குச் சொல்லச் சொன்னார். முட்டிக்குக் கீழே எடுத்தால் போதுமா என்று உதவி டாக்டர் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார், போதாது என்று. பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"என்னம்மா சொல்லி அனுப்பினே?"

"நடக்கக் கூடாது, நிக்கக் கூடாதுன்னு சொன்னேன் சார்."

அது பொய் இல்லை. உட்கார்ந்துகொண்டு செய்யச் சொன்னதையும், தறி மிதிக்கிற மாதிரி என்று சொன்னதையும் நான் சொல்லவில்லை. நாக்கு வரைக்கும் வந்தது. வார்டில் அப்போது எட்டுப் பேர் பயிற்சியில் இருந்தார்கள். ஒரு கால் போனால் நிறுத்திவிடுவேன் என்று அவர் சொன்னது காதில் ஒலித்தது. அந்த எட்டுப் பேருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, சுவிட்சில் கைவைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்ற பழைய நாள் மறுபடி வரக் கூடாதே என்ற பயம்.

"அப்ப கேஸ் ஷீட்ல எழுதிடு" என்றார் சீஃப்.

உள்ளே போய் எழுதினேன். ஆங்கிலத்தில் ஒரே வரி. கொடுத்த அறிவுரையை நோயாளி பின்பற்றவில்லை என்று. கீழே என் கையெழுத்து. அங்கமுத்து ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க அம்மணி எழுதறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. மருந்து."

"சரிங்க, சரிங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். பாதித் தொடையோடு காலை எடுத்தார்கள்.

நாலு நாள் கழித்து, ரவுண்டு முடித்துப் போகும்போது சீஃப் என் மேசை அருகே நின்றார். "அந்த நெசவாளி... தறியில உக்காந்துதானே நெய்வாங்க?" என்றார். "ஆமா சார்" என்றேன். பென்சிலைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவர் வராந்தாவில் இறங்கிப் போய்விட்டார். பயிற்சியையும் நிறுத்தவில்லை. அவர் ஓய்வுபெறும்வரை நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

காலை எடுத்த பிறகும் அங்கமுத்து என் நோயாளிதான். மிச்சமிருந்த தொடை மடங்கி இறுகிவிடாமல் இருக்க, குப்புறப் படுத்து அதைப் பின்பக்கமாகத் தூக்க வேண்டும். இருபது என்றேன், இருபது தடவை தூக்கினார், உதடு அசைய எண்ணிக்கொண்டே. ஒருநாள் வார்டில் இருந்த சின்ன டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, என் எதிரிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். "சொன்ன பேச்சைக் கேக்காம இஷ்டத்துக்கு இருந்தா இப்படித்தான்யா ஆகும்." அங்கமுத்து குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் மணல் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அவரை வீட்டுக்கு அனுப்பி ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ராசிபுரத்துக்குப் போனேன். தெருவில் நாலைந்து வீடுகளிலிருந்து தறிச் சத்தம். அங்கமுத்து வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. அவர் சுவரோரம் உட்கார்ந்து ராட்டையில் ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பெண்கள் செய்கிற வேலை அது. தறியில் பாதிச் சேலை அப்படியே நின்றது, மேலே பழைய வேட்டியைப் போர்த்தி வைத்திருந்தார்கள்.

"குழியை நான் பாக்கலாங்களா?" என்று கேட்டேன்.

அம்மாபேட்டையில் பிறந்தவள் நான். தறிச் சத்தத்தில் தூங்கி, தறிச் சத்தத்தில் விழித்தவள். முப்பது வயதுக்கு மேல் ஆகியும் ஒரு தறிக்குழிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். கீழே ஈர மண் சில்லென்றிருந்தது. மிதிகட்டையைக் காலால் தேடினேன். கட்டையின் நுனியில் கயிற்று முடிச்சு ஒன்று, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வந்து சரியாக உட்கார்ந்தது. மிதித்தேன். முழுக் காலின் கனமும் பெருவிரலுக்கு அடியில் இறங்கியது, அவருக்குப் புண் இருந்த அதே இடத்தில். பத்துத் தடவை மிதிப்பதற்குள் எனக்கு அந்த இடம் எரிந்தது. எனக்கு எரிந்தது, அவருக்கு எரிந்திருக்காது. ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "வீட்டில் எதில் உட்காருவீர்கள்?" என்று நான் கேட்டிருந்தால் போதும்.

ஏறி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அங்கமுத்து ராட்டையை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"நா எங்கியோ தப்பாச் செஞ்சு போட்டனுங்க அம்மணி. நீங்க ஒண்ணு சொல்லீருப்பீங்க, எனக்கு வெளங்காமப் போயிருக்கோணும். அந்தச் சின்ன டாக்டர் வைஞ்சாருங்களே... என்னால உங்களுக்குக் கெட்ட பேராயிருச்சுங்களா?"

பாவாயி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். மாடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நான் கொடுத்த கண்ணாடி இருந்தது, குங்குமம் வைத்து. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்தேன். பஸ்ஸில் சேலம் வரும்வரை அழுதேன். அழுது என்ன, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல்தானே திரும்பினேன்.

அதற்குப் பிறகு நோட்டில் ஒரு பக்கம் சேர்ந்தது. பயிற்சி சொல்லிக் கொடுக்குமுன், வீட்டிலும் வேலையிலும் எப்படி உட்காருகிறார்கள், எதை மிதிக்கிறார்கள், எதில் ஏறுகிறார்கள் என்று கேட்டு, என் முன்னால் செய்துகாட்டச் சொல்ல வேண்டும். மேட்டூரிலிருந்து வந்த மீன்காரர் பரிசலில் எப்படிக் குந்துவார் என்று தரையில் குந்திக் காட்டினார். தையல்காரர் காற்றில் மெஷின் மிதித்துக் காட்டினார். அவர் காலை அன்றைக்கே நான் பிடித்து நிறுத்தினேன். பல கால்கள் போகாமல் நின்றன. எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை. எண்ணினாலும் முதலில் கழிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

அங்கமுத்து மறு வருஷம் மாசியில் இறந்துபோனார். இடது காலிலும் புண் வந்ததாம், ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டாராம். சொன்ன பேச்சைக் கேட்காதவன் நான், எந்த முகத்தோடு அங்கே போவது என்று பாவாயியிடம் சொல்லியிருக்கிறார். தெருக்காரர் ஒருவர் வார்டுக்கு வந்தபோது சொன்னார்.

நேற்று அந்தப் பெண் தாளை வாங்கிப்போக வந்தாள். "உட்கார்ந்தபடி" என்ற சொல்லை அடித்துவிட்டு, ஓரத்தில் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "இவ்வளவு கேக்க நேரம் இருக்குமா மேடம்?" என்றாள். இந்தக் கட்டுரையில் அதுவரை எழுதியிருந்ததை நான் கையில் கொடுத்தேன்.

பழைய கேஸ் ஷீட்டுகளை எப்போதோ எரித்துவிட்டார்கள் என்கிறார்கள். எரிந்திருந்தாலும் அந்த வரி நான் எழுதியது, நான்தான் திருத்த வேண்டும். அங்கமுத்து, வயது ஐம்பத்திரண்டு, நெசவு, ராசிபுரம். கொடுத்த அறிவுரையை நோயாளி ஒரு நாளும் விடாமல், சொன்னது சொன்னபடியே பின்பற்றினார்.